ஊழ்மலையில் நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நம் பிரசங்க வகுப்பில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ரோமர் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தைப் பாடமாகக் கொண்டு அருளுரை வழங்கினார். நன்மை செய்ய விரும்பியும் அதைச் செய்ய இயலாத மனிதனின் அவலத்தை விளக்க அவர் ஒரு கதையை எடுத்தாண்டார். தீமையே உருவான ஒரு மோதிரத்தை அழிப்பதற்காக ஒரு சிறிய மனிதன் எரிமலைக்குச் செல்கிறான். இறுதிக் கணத்தில் மோதிரத்தின் மயக்கத்துக்கு ஆளாகிறான். ஆயினும் மீண்டும் எழுந்து பகைவனோடு போராடி, அவனையும் மோதிரத்தையும் அக்கினியில் வீழ்த்துகிறான். ஆகவே விசுவாசிகளும் இறுதிவரை போராடக் கடவர் என்று கூறி அவர் முடித்தார். குரல் வளமும் சொல்வளமும் நிறைந்த அருளுரை அது. வகுப்பினர் மகிழ்ந்தனர்.

“நூலை வாசித்தீரா?” என்று வினவினோம். “இல்லை ஐயா, மூன்று படங்களையும் பார்த்திருக்கிறேன்” என்றார். அவர் படத்தைத் தவறாகச் சொல்லவில்லை. படத்தில் அவ்வாறே உள்ளது. ஆனால் நூலில் அவ்வாறு இல்லை. நூலில் உள்ளதை அவர் அறிந்திருந்தால், தாம் எடுத்துக்கொண்ட திருமறைப் பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான உவமை வேறில்லை என்று கண்டிருப்பார். அவ்வகுப்பில் தொடங்கிய உரையாடலின் விரிவே இக்கட்டுரையாகும்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்த பேராசிரியர். முதல் உலகப் போரில் 1916ஆம் ஆண்டு சோம் ஆற்றுப் போர்க்களத்தில் பணியாற்றியவர். நம் மாணவர்கள் நன்கறிந்த சி. எஸ். லூயிஸ் கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திரும்புவதற்குத் துணைநின்ற நண்பர்களுள் ஒருவர். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் அவரது பெரும் புதினம் ஒரே கதையாக எழுதப்பட்டுப் பதிப்பாளரின் வசதிக்காக 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் அதை ஆறு பாகங்களாகப் பகுத்திருக்கிறார். நியூசிலாந்து நாட்டு இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அதனை 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாக அளித்தார். மூன்றாம் படம் 2004இல் பதினொரு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அது எத்தனை பிரிவுகளில் முன்மொழியப்பட்டதோ அத்தனையிலும் வென்றது.

நூலை அறியாதவர்க்காகக் கதையைச் சுருங்கக் கூறுவோம். சௌரோன் என்னும் தீய அரசன் உலகனைத்தையும் அடக்கி ஆள்வதற்காக ஒரு மோதிரத்தைச் செய்து, தன் ஆற்றலின் பெரும்பகுதியை அதனுள் இட்டான். பழங்காலப் போரொன்றில் அதை இழந்தான். பல நூற்றாண்டுகள் அது கோல்லம் என்னும் இழிந்த பிறவியிடம் இருந்து, அவன் உள்ளத்தை அரித்தது. பின்னர் ஷயர் என்னும் அமைதியான நாட்டில் வாழும் ஹாபிட் என்ற குள்ள இனத்தவரான பில்போவின் கைக்கும், அவரிடமிருந்து அவர் வளர்த்த உறவினன் ஃபிரோடோவின் கைக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பயன்படுத்துவோர் எவராயினும், நன்மையே நாடினாலும், தீயோராவர். அது உருவான ஊழ்மலையின் அக்கினியில் மட்டுமே அதை அழிக்க இயலும். ஃபிரோடோவும் அவனுடைய பணியாளனாகிய சாமும் அங்கே நடந்து செல்வதே கதையின் உயிர்நாடி.

நூலுக்கும் படத்துக்கும் வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றையெல்லாம் எண்ணிக் குற்றப்பத்திரிகை எழுதுவது நம் நோக்கமன்று. பழைய காட்டில் வாழும் டாம் பாம்படில் என்பவரைப் படம் விட்டுவிட்டது. மோதிரத்தின் வல்லமை சிறிதும் தீண்டாத விந்தையான மனிதர் அவர். அவர் இல்லாமலும் கதை நகரும். காயமுற்ற ஃபிரோடோவைக் காக்க நூலில் குளோர்ஃபின்டெல் என்னும் வீரர் வருகிறார். படத்தில் ஆர்வென் என்னும் இளவரசி வருகிறாள். நூலில் பில்போ ஊரைவிட்டுச் சென்றபின் பதினேழு ஆண்டுகள் கழித்து, தன் ஐம்பதாம் வயதில், ஃபிரோடோ பயணம் புறப்படுகிறான். படத்தில் இடைக்காலம் சுருங்கிவிடுகிறது. படப்பிடிப்பு தொடங்கியபோது அப்பாத்திரத்தை ஏற்ற நடிகருக்கு வயது பதினெட்டு. ஐம்பதைக் கடந்த நமக்கு இதில் சற்று மனத்தாங்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்! ஹாபிட்டுகளின் ஆயுள் நம்முடையதிலும் நீண்டது என்பது உண்மையே. ஆயினும், வீட்டையும் தோட்டத்தையும் வழக்கத்தையும் நேசிக்கத் தொடங்கிவிட்ட நடுவயதில் அழைப்பு வருவது வேறு. வீட்டைவிட்டு ஓடத் துடிக்கும் இளமையில் வருவது வேறு.

சில இடங்களில் படம் நூலைவிட மேலாகவே செய்திருக்கிறது என்றும் கூறவேண்டும். மோதிரத்தின்மேல் ஆசைகொண்டு ஃபிரோடோவைத் தாக்கிய போரோமிர், பின்பு மனம் நொந்து, இரு ஹாபிட்டுகளைக் காக்கப் போராடி உயிர்விடுகிறான். நூலில் அப்போர் நம் கண்ணுக்கு மறைவாக நிகழ்கிறது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு இறப்பதை மட்டும் இரண்டாம் தொகுதியின் தொடக்கத்தில் சில வரிகளில் காண்கிறோம். படம் அதனை முதற்பகுதியின் முடிவுக்குக் கொண்டுவந்து, அவன் போராட்டத்தையும் அறிக்கையையும் மன்னிப்பையும் முகத்துக்கு முகம் காட்டுகிறது. மரணப்படுக்கையருகே நின்று பழகிய ஆயர் எவரும் அக்காட்சியின் உண்மையை உணர்வர். அவ்வாறே, கோல்லம் தன்னோடு தானே வாதிடும் காட்சி. நூலில் சாம் அதை ஒற்றுக்கேட்கிறான். படத்தில் ஒரே முகம் இரு முகமாகி வாதிடுவதைப் பார்க்கிறோம். ஆகவே, நூல் உயர்ந்தது, படம் தாழ்ந்தது என்னும் எளிய தீர்ப்புக்கு இங்கு இடமில்லை.

பின் எங்கே இடர்ப்படுகிறோம்? திரைப்படம் கண்ணுக்குரிய கலை. ஒரு மனிதன் உள்ளத்தில் எடுக்கும் முடிவை அது செயலாக்கிக் காட்டியாக வேண்டும். செயல் என்றால் பெரும்பாலும் போராட்டம். இப்போக்கை டோல்கீன் தம் வாழ்நாளிலேயே கண்டார். 1958இல் அவரது நூலைப் படமாக்க விரும்பிய ஒருவரின் திரைக்கதைச் சுருக்கம் அவருக்கு அனுப்பப்பட்டது. அதற்கு அவர் எழுதிய நீண்ட மறுப்பில், சண்டைகளுக்கு அளவுக்கு மீறிய இடம் தந்து, மோதிரத்தைச் சுமப்போரின் பயணமாகிய மையத்தைத் தவறவிட்டுவிட்டனர் என்பதே முதன்மையான குறை. அப்படம் எடுக்கப்படவில்லை. ஆனால் அக்குறை பின்னும் தொடர்ந்தது. நூலில் ஒரே அதிகாரமாக முடியும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் ஜாக்சனின் இரண்டாம் படத்தின் உச்சமாக விரிகிறது. டோல்கீனின் மகனும் அவரது கையெழுத்துப் படிகளின் பதிப்பாசிரியருமாகிய கிறிஸ்டோபர் டோல்கீன் 2012இல் ஒரு பிரெஞ்சு நாளேட்டுக்கு அளித்த பேட்டியில், தந்தையின் நூல் இளைஞர்க்கான சண்டைப் படமாகிவிட்டது என்று வருந்தினார். அது சற்றுக் கடுமையான தீர்ப்பு என்பது நம் எண்ணம். போர்க்காட்சிகள் மிகுந்தன என்பதைவிட, போர் நிகழாத சில இடங்களில் போர் புகுத்தப்பட்டது என்பதே கவனத்துக்குரியது.

அத்தகைய இடங்களில் ஒன்று ஃபாராமிரின் கதை. போரோமிரின் தம்பியாகிய இவன் காட்டில் ஃபிரோடோவையும் சாமையும் கைதுசெய்கிறான். நூலில், சாமின் வாய்தவறிய சொல்லால் மோதிரத்தின் இரகசியம் வெளிப்படுகிறது. அண்ணனை வீழ்த்திய பொருள் இப்போது தம்பியின் கையெட்டும் தூரத்தில். அவனோ, அது என்னவென்று அறியுமுன்னரே அதை வேண்டேன் என்று சொல்லியிருந்தான். அறிந்தபின்னும் அச்சொல்லினின்று பிறழவில்லை. வழிக்கு உணவு கொடுத்து அவர்களை அனுப்பிவிடுகிறான். தம் பாத்திரங்களுள் தம்மை ஓரளவேனும் ஒத்திருப்பவன் ஃபாராமிரே என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். படத்தில் இவன் மோதிரத்தைத் தந்தைக்குப் பரிசாக அனுப்ப எண்ணி, கைதிகளை வெகுதூரம் இழுத்துச் சென்றபின்பே மனம் மாறுகிறான்.

மோதிரம் எல்லாரையும் மயக்கும் என்று சொல்லிவந்துவிட்டு, ஒருவன் அதை எளிதில் மறுப்பதாகக் காட்டினால் அதன் கொடுமை குறைந்துவிடும் என்பது படத்தார் கூறும் காரணம். திரைக்கதையின் இலக்கணத்தில் அது நியாயமே. ஆயினும் நூலில் ஃபாராமிரின் உறுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. உணவருந்தும் முன் அவனும் அவன் வீரரும் மேற்குத் திசையை நோக்கிச் சிறிது நேரம் மௌனமாய் நிற்கின்றனர். ஆலயமோ பூசாரியோ வழிபாட்டு முறையோ ஏறத்தாழ இல்லாத அப்பெருங்கதையில் உணவுவேளை ஜெபத்துக்கு ஒப்பான செயல் அது ஒன்றே. விருந்தினராகிய ஹாபிட்டுகள் அதன் பொருள் தெரியாது வெட்கமடைகின்றனர். படத்தில் இந்த மௌனம் இல்லை. சோதனையின்போது மனிதனைக் காப்பது அந்நேரத்துப் போராட்டம் மட்டுமன்று, நாள்தோறும் காத்துவந்த வழக்கமும் ஆகும் என்பதை ஆசிரியர் ஒரு சொல்லும் விளக்காமல் காட்டிய இடம் அது.

அடுத்தது, நம் உள்ளத்தை மிகவும் தைத்த இடம். மோர்டோர் நாட்டின் எல்லையில் செங்குத்தான படிக்கட்டு ஒன்று உண்டு. கோல்லம் வழிகாட்டியாய் வருகிறான். மேலே ஒரு கொடிய சிலந்தியின் குகையில் அவர்களைக் காட்டிக்கொடுக்க வஞ்சகமாய் ஏற்பாடு செய்துவிட்டான். படத்தில் இங்கு ஒரு சூழ்ச்சி நிகழ்கிறது. கோல்லம் உணவை எறிந்துவிட்டுப் பழியைச் சாமின்மேல் சுமத்துகிறான். ஃபிரோடோ அதை நம்பிச் சாமை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். சாம் அழுதுகொண்டே இறங்குகிறான். நூலில் இது எதுவுமில்லை. நட்பு முறியவே இல்லை.

நூலில் அவ்விடத்தில் நிகழ்வது வேறு. களைத்துப்போன ஃபிரோடோ சாமின் மடியில் தலைவைத்து உறங்குகிறான், சாமும் உறங்கிவிடுகிறான். சிலந்தியிடம் சென்று திரும்பும் கோல்லம் அவர்களைக் காண்கிறான். அவ்விருவர் முகத்திலும் இருந்த அமைதி அவனை என்னவோ செய்கிறது. வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறான், தலையை அசைக்கிறான், தனக்குள் வாதிடுகிறான். பின்பு மெல்லக் கைநீட்டி ஃபிரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். பகைவனின் தொடுகை அன்று அது. ஏறத்தாழ அன்பின் தொடுகை. அக்கணத்தில் அவனைக் காண்போர்க்கு அவன், உற்றாரும் இளமையும் யாவும் இழந்து காலத்தால் நைந்துபோன ஒரு முதிய ஹாபிட்டாகவே தோன்றியிருப்பான். தூக்கத்தில் ஃபிரோடோ முனக, சாம் விழிக்கிறான். தலைவன்மேல் கைவைத்திருக்கும் கோல்லத்தைக் கண்டு, பதுங்கித் திரிகிறாயா என்று கடிந்துகொள்கிறான். அவ்வளவுதான். கோல்லம் பின்வாங்குகிறான். கண்களில் பழைய நஞ்சு திரும்புகிறது. அக்கணம் கடந்துபோயிற்று. அது மீளவே இல்லை.

சாம் தீயவன் அல்லன். அக்கதையில் அவனைவிட உண்மையுள்ளவன் இல்லை. அவன் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அவன் ஐயுற்றதெல்லாம் மெய்யாகவும் இருந்தது. தலைவன்மேல் கொண்ட அன்பினால் பிறந்த கடுஞ்சொல் அது. டோல்கீன் 1945இல் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், தம் கதையில் தம்மையே மிகவும் உருக்கிய இடங்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுகிறார். மனந்திரும்புதலுக்கு மயிரிழை தூரத்தில் வந்தவன் ஒரு முரட்டுச் சொல்லால் திரும்பிப்போனான் என்பதே அவர் வருத்தம்.

இதை வாசிக்கும்தோறும் நமக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு கிராமச் சபையில் பணியாற்றினோம். பல ஆண்டுகள் ஆலயத்தை எட்டிப்பாராத ஒருவர் ஒரு ஞாயிறு மாலை ஆராதனை முடிந்தபின் வாயிலருகே வந்து, உள்ளே நுழையாமல் நின்றார். “இப்போதுதான் வழி தெரிந்ததோ?” என்றோம். வேடிக்கையாகத்தான் சொன்னோம். சுற்றி நின்றவர்கள் நகைத்தனர். அவரும் புன்னகை செய்துவிட்டுச் சென்றார். பிறகு அவர் வரவில்லை. நாம் மாற்றலாகிச் செல்லும்வரை வரவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை இன்றுவரை நாம் அறியோம்.

படம் இக்காட்சியை விட்டுவிட்டதோடு நில்லாமல், அதே இடத்தில் கோல்லத்தின் சூழ்ச்சியை வைத்ததால் பொருளே தலைகீழாயிற்று. நூலில் நல்லவனின் சொல் கெட்டவன் திரும்பி வரும் வழியை அடைக்கிறது. படத்தில் கெட்டவனின் சொல் நல்லவர் இருவரைப் பிரிக்கிறது. இரண்டாவதைப் பார்த்துக் கோல்லத்தை வெறுக்கலாம். முதலாவதை வாசித்தபின் நம் நாவைக் குறித்து அஞ்சவேண்டியிருக்கிறது.

இனி ஊழ்மலைக்கு வருவோம். நூலின்படி நடந்தது இது. மலைச்சரிவில் கோல்லம் அவர்களைத் தாக்குகிறான். ஃபிரோடோ முன்னே செல்ல, சாம் வாளோடு கோல்லத்தின் எதிரே நிற்கிறான். இப்போது கொல்வது நீதி, கொல்லாதிருப்பது ஆபத்து. ஆனால் சாமும் சிறிது காலம் அம்மோதிரத்தைச் சுமந்தவன். அதைச் சுமந்து அடிமையானவனின் வேதனையைச் சற்றேனும் அறிந்துவிட்டதால் அவன் கை எழவில்லை; போய்விடு என்று விடுகிறான். படிக்கட்டில் கடிந்துகொண்ட அதே சாம் இங்கே இரங்குகிறான். மலையின் உள்ளே, அக்கினிப் பிளவின் விளிம்பில், ஃபிரோடோ திரும்பி நின்று, தான் செய்யவந்ததைச் செய்யப்போவதில்லை என்றும், மோதிரம் தன்னுடையதே என்றும் அறிவித்து அதை விரலில் அணிந்து மறைகிறான். மூன்று தொகுதிகளாய் நாம் பின்தொடர்ந்த வீரன் தோற்றுவிட்டான். அப்போது கோல்லம் பாய்கிறான். கண்ணுக்குத் தெரியாதவனோடு போராடி, அவன் விரலைக் கடித்து மோதிரத்தோடு பறிக்கிறான். வெற்றிக் களிப்பில் அதை உயர்த்திப் பார்த்துக் கூத்தாடுகிறான். ஓரடி தவறி விழுகிறான். மோதிரம் அழிகிறது.

எவரும் தள்ளவில்லை. எவரும் எறியவில்லை. சுமந்தவனின் உறுதியால் அன்று, காவலனின் வாளால் அன்று, அடி தவறியதால் உலகம் மீட்கப்பட்டது. ஆனால் அது வெறும் தற்செயலும் அன்று. கோல்லம் அங்கே உயிரோடிருந்ததற்குக் காரணம், வழிநெடுக அவனுக்கு இரக்கம் காட்டப்பட்டதே. பில்போ முதலில் இரங்கினார், ஃபிரோடோ இரங்கினான், கடைசியில் சாமும் இரங்கினான். கேண்டால்ஃப் என்னும் ஞானி கதையின் இரண்டாம் அதிகாரத்திலேயே, பில்போவின் இரக்கம் பலருடைய கதியை நிர்ணயிக்கக்கூடும் என்று கூறிவிடுகிறார். படமும் இவ்வுரையாடலை விடவில்லை. மோரியா சுரங்கத்துக்கு மாற்றி அழகாகவே அமைத்திருக்கிறது. ஆனால் அங்கே வாங்கிய கடனை முடிவில் முழுமையாய்த் தீர்க்கவில்லை.

இந்த இரக்கத்துக்கு டோல்கீன் எவ்வளவு மதிப்பளித்தார் என்பதற்கு ஒரு சான்று. பில்போ மோதிரத்தைக் கண்டெடுத்த கதை ‘த ஹாபிட்’ என்னும் முந்தைய நூலில் 1937இல் வந்தது. அதன் முதற்பதிப்பில் கோல்லம் அத்தனைக் கொடியவனும் அல்லன். பந்தயத்தில் தோற்றதும் மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்கவே எண்ணியவன். பெருங்கதை உருவானபின் ஆசிரியர் பழைய நூலைத் திருத்தி 1951இல் புதிய பதிப்பாக வெளியிட்டார். அதில்தான், இருளில் கோல்லத்தைக் குத்திவிடக் கூடிய நிலையில் நின்ற பில்போ, அவன் வாழ்வின் அவலத்தைத் திடீரென உணர்ந்து, கொல்லாமல் அவனைத் தாண்டிக் குதித்துச் செல்கிறார். பின்வரும் மீட்புக்கு வித்தாக அந்த இரக்கத்தை ஆசிரியர் முன்னைய நூலிலேயே திரும்பிச் சென்று விதைத்தார்.

ஃபிரோடோவின் தோல்வி அக்காலத்திலேயே சில வாசகர்க்குப் பொறுக்கவில்லை. அவனைப் பாராட்டியதற்குப் பதிலாகத் துரோகியெனத் தண்டித்திருக்க வேண்டும் என்றுகூட ஒருவர் எழுதியதை டோல்கீன் 1956ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் குறிப்பிடுகிறார். அவரது விடை நம் கவனத்துக்குரியது. மனித ஆற்றலுக்கு மேற்பட்ட சுமையின்கீழ் ஒருவன் நொறுங்குவது ஒழுக்கக் கேடன்று. ஃபிரோடோ தன்னால் இயன்றது முழுவதையும் செலவிட்டுவிட்டான். அவன் பிறர்க்குக் காட்டிய இரக்கத்தின் வழியே அவனுக்கும் இரக்கம் கிட்டியது என்பது அவர் விளக்கம். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய விண்ணப்பத்தையும் சோதனையைப் பற்றிய விண்ணப்பத்தையும் அவர் இக்காட்சியோடு இணைத்துப் பேசுகிறார். மோதிரம் அழிந்த நாளாக நூல் குறிப்பது மார்ச் 25. அது மேலைத் திருச்சபையில் மரியாளுக்குத் தேவதூதன் நற்செய்தி அறிவித்த திருநாள். ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டதும் அந்நாளே என்பது பழைய மரபு.

டோல்கீன் உரோமன் கத்தோலிக்கர். தம் நூல் அடிப்படையில் சமயச் சார்பானதும் கத்தோலிக்கச் சார்பானதுமான நூல் என்று 1953இல் இயேசு சபைக் குருவான நண்பர் ஒருவருக்கு எழுதியவர். சீர்திருத்தச் சபையினராகிய நாம் இக்காட்சியில் நம் இறையியலை மட்டும் காணத் துடிப்பது முறையாகாது. காட்டிய இரக்கத்துக்கும் பெற்ற இரக்கத்துக்கும் அவர் வைக்கும் தொடர்பு, கிருபை மட்டுமே என்னும் நம் சொல்லாட்சிக்குள் அவ்வளவு எளிதில் அடங்காது. அதைக் குறித்து வகுப்பில் வாதிடலாம், வாதிட்டோம். ஆனால் மனிதனின் இறுதி உறுதியே மீட்டது என்று மட்டும் எந்த வழியிலும் அதை வாசிக்க இயலாது.

படமோ அவ்வாறே வாசிக்கத் தூண்டுகிறது. விரலிழந்த ஃபிரோடோ எழுந்து கோல்லத்தைப் பற்றிப் போராட, இருவரும் விளிம்பினின்று விழுகின்றனர். ஃபிரோடோ பாறையைப் பிடித்துத் தொங்க, சாம் கைகொடுத்து மீட்கிறான். ஃபிரோடோ கோல்லத்தைத் தள்ளிவிடுவதாகவே முதலில் படமாக்கியதாகவும், அது கொலையாகத் தோன்றியதால் பின்னர் மாற்றியதாகவும் படத்தாரே கூறியிருக்கின்றனர். தள்ளுவதில் ஏதோ தவறு என்று அவர்கள் உள்ளுணர்வு சொல்லியிருக்கிறது, அது பாராட்டத்தக்கது. ஆயினும் அவர்கள் நீக்கியது கொலையை, போராட்டத்தை அன்று. வீரன் வெறுமனே நின்று பார்க்க, மீட்பு வேறெங்கிருந்தோ வருவதைத் திரை தாங்கவில்லை. இதைப் படத்தாரின் குறை என்று மட்டும் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. நம் மாணவரின் அருளுரையைக் கேட்டு மகிழ்ந்த வகுப்பும் அதைத் தாங்கவில்லை. பிரசங்க பீடத்தில் நாமும் எத்தனை முறை, பவுல் கைவிரித்து நிற்கும் இடத்தில், முயற்சி திருவினையாக்கும் என்று முடித்திருக்கிறோம்!

மலை வெடித்துச் சிதறும் வேளையில் நூலின் ஃபிரோடோ சாமிடம் பேசுவதும் படத்தில் இல்லை. கோல்லம் இல்லாவிடில் தன்னால் மோதிரத்தை அழித்திருக்க இயலாது, ஆகவே அவனை மன்னித்துவிடுவோம் என்கிறான். தன் தோல்வியை அவன் மறைக்கவில்லை. மறைக்காதவனால் மன்னிக்க முடிகிறது.

படம் விட்ட பெரும்பகுதி இன்னொன்று உண்டு. நூலில் வெற்றிக்குப்பின் ஊர்திரும்பும் ஹாபிட்டுகள், தங்கள் ஷயர் சூறையாடப்பட்டிருப்பதைக் காண்கின்றனர். மரங்கள் வெட்டப்பட்டு, ஆலைப் புகை எழுந்து, ஊர் அடியாட்களின் கையில் இருக்கிறது. வீழ்ச்சியுற்ற மந்திரவாதி சாருமான் அங்கே வந்து குடிகொண்டிருக்கிறான். பைவாட்டர் என்னுமிடத்தில் நிகழும் சண்டையில் பத்தொன்பது ஹாபிட்டுகள் இறக்கின்றனர். படத்தில் ஷயர் பசுமை மாறாதிருக்கிறது. நண்பர் நால்வரும் மதுக்கடையில் அமர்ந்து, தங்களை எவரும் கவனியாததைக் கண்டு புன்னகை செய்கின்றனர். மூன்றரை மணி நேரத்தை நெருங்கும் படத்தில் இன்னொரு போருக்கு இடமில்லை என்பதை ஏற்கலாம். எனினும், இப்பகுதி கதையின் இன்றியமையாத கூறு என்றும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டது என்றும் ஆசிரியர் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் கூறியிருக்கிறார்.

அப்பகுதியில் நாம் காணும் ஃபிரோடோ, மலையிலிருந்து திரும்பிய ஃபிரோடோ. அவன் வாளை உருவவில்லை. சண்டையில் அவன் செய்ததெல்லாம், ஆயுதத்தைக் கீழே போட்ட பகைவரைச் சினங்கொண்ட தன் மக்கள் கொன்றுவிடாமல் தடுத்ததே. சாருமான் கத்தியால் அவனைக் குத்தியபின்னும், அவனைக் கொல்லவேண்டாம் என்கிறான். இதைக் கேட்ட சாருமான் அவனை வியப்போடும் மதிப்போடும் வெறுப்போடும் நோக்குகிறான். இரக்கத்துக்குக் கடன்பட்டுப் போவது அவனுக்குக் கசக்கிறது. வெற்றி பெற்ற வீரன் எவனும் அப்படி நடந்துகொண்டிருக்க மாட்டான். ஊழ்மலையில் தான் வெல்லவில்லை என்று அறிந்தவன் மட்டுமே நடந்துகொள்ளும் முறை அது. படத்தில் மலைக்காட்சியும் மாறி, ஷயரின் காட்சியும் நீங்கியதால், இறுதியில் ஃபிரோடோ ஏன் ஊரில் அமைதி காணாமல் கப்பலேறிச் செல்கிறான் என்பது காயத்தின் வலி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. நூலில் ஆண்டுதோறும் காயம்பட்ட நாள்களில் அவன் நோயுறுவதோடு, அழிந்த மோதிரத்துக்காக ஏங்குவதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

நம் மாணவர் பின்னர் நூலை வாங்கி வாசித்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை ஆயர்பணியின் நடுவே முற்றும் வாசிக்க இயலாதவர்கள், படத்தை முன்பே பார்த்திருந்தால், ஐந்து அதிகாரங்களையேனும் வாசிக்கலாம்: முதற்பாகத்தின் இரண்டாம் அதிகாரம், நான்காம் பாகத்தில், ஃபாராமிரைப் பற்றிய ஐந்தாம் அதிகாரமும் படிக்கட்டைப் பற்றிய எட்டாம் அதிகாரமும், ஆறாம் பாகத்தின் மூன்றாம், எட்டாம் அதிகாரங்கள். படிக்கட்டு அதிகாரத்தில் கோல்லம் கைநீட்டும் பகுதி கடைசி இரண்டு பக்கங்களில் வருகிறது. விரைந்து வாசிப்போர் அதைக் கவனியாமல் கடந்துவிடக் கூடும். நாமும் முதல் முறை கடந்துவிட்டோம்.